விசிறிக்கு உத்தரவு போடுவது யார்?

மேசைக் கணினியின் பவர் பட்டனை அழுத்தியதும் கொஞ்சம் காதைக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். பல கணினிகளில் 'விர்ர்ர்' என்று பெரிதாக ஓர் இரைச்சல் வரும். ஓரிரு விநாடிதான். பிறகு யாரோ அதட்டியதுபோல அது அடங்கி, விசிறி மெல்லச் சுற்றத் தொடங்கும். அந்த நேரத்தில் கணினி சூடாகவே இல்லை. ஒரு வேலையும் ஆரம்பிக்கவில்லை. அப்படியிருக்க ஏன் கத்தியது? அதை அடக்கியது யார்?

இதற்கு விடை தெரிந்தால், கணினி விசிறியில் வரும் தொல்லைகளில் பலவற்றை நீங்களே துப்பறிந்துவிடலாம். விசிறி சத்தம் போட்டால் "ஃபேன் போச்சு, மாத்திடலாம்" என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் விசிறி தானாக எதையும் முடிவு செய்வதில்லை. இன்னொருவர் சொல்ல, அது சுற்றுகிறது. சொல்கிறவர் தப்பாகச் சொன்னாலோ, சொன்னது போய்ச் சேராவிட்டாலோ, பழி மட்டும் விசிறியின் தலையில் விழுகிறது.

முதலில் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். மிக்ஸிக்குள் போகும் மின்சாரம் தேங்காயை அரைக்கிறது. மோட்டாருக்குப் போகும் மின்சாரம் தண்ணீரை மாடிக்கு ஏற்றுகிறது. கணினியின் மூளையான சி.பி.யு.வுக்குள் போகும் மின்சாரம்? அது எதையும் தூக்குவதில்லை, நகர்த்துவதும் இல்லை. கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்களைத் திறந்து மூடிவிட்டு, ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளியே வருகிறது. சி.பி.யு. 65 வாட் மின்சாரம் எடுத்தால் 65 வாட் சூடு. பழைய குண்டு பல்பு 60 வாட். எரிகிற பல்பை ஒருமுறை தொட்டவர்கள் மறுபடி தொடமாட்டார்கள். அந்தப் பல்பின் சூடாவது கைப்பிடி அளவு கண்ணாடியில் பரவியிருக்கிறது. சி.பி.யு.வின் சிலிக்கான் துண்டு கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது.

1980களில் வந்த 386 சிப்கள் பொதுவாக விசிறி இல்லாமலே வேலை செய்தன. 486 காலத்தில் ஹீட் சிங்க் தலைகாட்டியது. 1993-இல் பென்டியம் வந்த பிறகு, சி.பி.யு.வின் மேல் விசிறி உட்கார்ந்திருப்பது வழக்கமாகிவிட்டது.

ஹீட் சிங்க் என்பது மெல்லிய அலுமினியத் தகடுகளை வரிசையாக அடுக்கிய ஒரு கட்டி. சி.பி.யு.வின் சூட்டை வாங்கித் தகடுகளில் பரப்புவது அதன் வேலை. தகடுகளுக்கு நடுவே காற்றைத் தள்ளி, அந்தச் சூட்டை அள்ளிக்கொண்டு போவது விசிறியின் வேலை. காற்று தேங்கி நின்றால் ஆகாது. வெப்பத்தைக் கடத்துவதில் காற்றைவிட அலுமினியம் சுமார் 9,000 மடங்கு திறமை உடையது. அதனால்தான் சி.பி.யு.வுக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே மயிரிழை அளவு காற்றுகூட இருக்கக்கூடாது என்று தெர்மல் பேஸ்ட்டைத் தடவுகிறார்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஹீட் சிங்க்கும் விசிறியும் சேர்ந்து வேலை செய்யும்போது, ஒவ்வொரு வாட்டுக்கும் அரை டிகிரி சூடு ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 65 வாட்டுக்கு 32.5 டிகிரி. எதிலிருந்து 32.5? அறையின் வெப்பநிலையிலிருந்து. டிசம்பரில் அறை 25 டிகிரி என்றால் சி.பி.யு. 57.5 டிகிரியில் நிற்கும். மே மாதம் வேலூரில் வெளியே வெயில் 40-ஐத் தாண்டுகிறது. அறைக்குள் 38 இருந்தால் அதே சி.பி.யு. 70.5 டிகிரி. கணினியில் எதுவுமே மாறவில்லை, மாதம்தான் மாறியிருக்கிறது. விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே சி.பி.யு.வைக் குளிர வைக்க அதனால் முடியாது. அது வீசுவது அறைக்காற்றைத்தானே!

அப்படியானால் எப்போதும் முழு வேகத்தில் சுற்றவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். விசிறியின் கணக்கு வேடிக்கையானது. வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். ஆனால் அதற்குத் தேவைப்படும் மின்திறன் எட்டில் ஒரு பங்காகிவிடும். இரைச்சலும் ஏறக்குறைய 15 டெசிபல் குறையும். பாதி வேகத்தில் பாதிக் காற்று கிடைக்கிறது, சத்தமோ கிட்டத்தட்ட காணாமலே போகிறது. நல்ல பேரம் அல்லவா? தூசியும் குறைவாக உள்ளே வரும், பேரிங்கும் நீண்ட நாள் உழைக்கும். ஆகவே வேலை குறைவாக இருக்கும்போது மெதுவாகவும், சூடு ஏறும்போது வேகமாகவும் சுற்றுவதுதான் புத்திசாலித்தனம். அதற்கு யாராவது சூட்டைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கவனிக்கிறவர் சி.பி.யு.வுக்குள்ளேயே இருக்கிறார். சிலிக்கானால் செய்த டையோடு ஒன்றில் சிறிதளவு மின்னோட்டத்தை அனுப்பினால், அதன் இரு முனைகளுக்கும் இடையே ஒரு மின்னழுத்தம் இருக்கும். சூடு ஒரு டிகிரி ஏறினால் அந்த மின்னழுத்தம் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும். இவ்வளவுதான் ரகசியம்! பாதரசமும் இல்லை, கண்ணாடிக் குழாயும் இல்லை. சி.பி.யு.வைச் செய்த அதே சிலிக்கானிலேயே வெப்பமானியும் அமைந்துவிடுகிறது. இந்த அளவு மதர்போர்டில் உள்ள இன்னொரு சிறிய சிப்புக்குப் போகிறது. அந்தச் சிப்பில் ஒரு பட்டியல் எழுதியிருக்கும்: 40 டிகிரி வரை 30 சதவீத வேகம், 60 டிகிரியில் 50 சதவீதம், 75-ஐத் தொட்டால் முழு வேகம் என்பதுபோல. இதை வரைபடமாகப் போட்டால் வளைந்து மேலேறும் ஒரு கோடு கிடைக்கும். கணினிக்காரர்கள் அதை 'ஃபேன் கர்வ்' என்பார்கள். பட்டியலைப் பார்த்துச் சிப் உத்தரவு போடுகிறது. உத்தரவு கம்பி வழியாக விசிறிக்குப் போகிறது.

கேபினெட்டைத் திறந்து பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் அந்தக் கம்பிகளை எண்ணிப் பாருங்கள். சிலவற்றில் மூன்று இருக்கும், சிலவற்றில் நான்கு. ஒன்று தரைக்கம்பி. இன்னொன்று 12 வோல்ட் கொண்டுவருகிறது. மூன்றாவது எதையும் கொண்டுவருவதில்லை. விசிறியிடமிருந்து மதர்போர்டுக்குச் செய்தி கொண்டுபோகிறது. "நான் இவ்வளவு வேகத்தில் சுற்றுகிறேன்" என்பதுதான் செய்தி.

விசிறிக்குத் தன் வேகம் எப்படித் தெரியும்? எட்வின் ஹால் என்பவர் 1879-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது ஒன்றைக் கண்டுபிடித்தார். மின்னோட்டம் போய்க்கொண்டிருக்கும் மெல்லிய தகட்டின் அருகே காந்தத்தைக் கொண்டுவந்தால், தகட்டின் குறுக்கே ஒரு சிறு மின்னழுத்தம் தோன்றுகிறது. அப்போது அதனால் யாருக்கு என்ன பயன் என்று தோன்றியிருக்குமோ! இன்று கணினி விசிறிக்குள் அந்த ஹால் விளைவுதான் வேலை செய்கிறது. விசிறியின் நடுக்குமிழுக்குள் வளையக் காந்தம் ஒன்று ஒட்டியிருக்கும். அதில் வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்கு என்று பெரும்பாலும் நான்கு துருவங்கள். குமிழ் சுற்றும்போது அடியில் இருக்கும் ஹால் சென்சாரை ஒவ்வொரு துருவமும் கடந்து போகிறது. ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டு வடக்கு. ஆகவே இரண்டு துடிப்புகள். விநாடிக்கு 40 துடிப்பு வந்தால் 20 சுற்று. நிமிடத்துக்கு 1,200 சுற்று. கணினி தொடங்கும்போது முதலில் விழிக்கும் மென்பொருளான பயாஸ், தன் திரையில் '1200 ஆர்.பி.எம்.' என்று காட்டுவது இப்படி எண்ணித்தான்.

நான்காவது கம்பிதான் நம் கதாநாயகன். உத்தரவு வரும் வழி அது.

உத்தரவு எப்படிப் போகிறது என்பதில் இரண்டு முறைகள் உண்டு. பழைய முறை, மின்னழுத்தத்தைக் குறைப்பது. 12 வோல்ட்டுக்குப் பதில் 7 வோல்ட் கொடுத்தால் விசிறி மெதுவாகச் சுற்றும். மூன்று கம்பி விசிறிகளுக்கு இதுதான் வழி. பயாஸில் இதற்கு 'டி.சி. மோடு' என்று பெயர். ஆனால் மிகவும் குறைத்தால் விசிறி தடுமாறி நின்றே போகும்.

புதிய முறையில் 12 வோல்ட் குறையாமல் எப்போதும் வந்துகொண்டே இருக்கும். நான்காவது கம்பியில் மட்டும் 'போடு, நிறுத்து, போடு, நிறுத்து' என்று ஒரு சைகை ஓடும். விநாடிக்கு 25,000 தடவை! அதாவது ஒரு போடு-நிறுத்துக்கு ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் 40 பங்குதான் நேரம். அந்த 40-இல் 16 பங்கு 'போடு', மீதி 24 பங்கு 'நிறுத்து' என்றால் அது 40 சதவீத உத்தரவு. விசிறிக்குள் இருக்கும் குட்டிச் சிப் அந்தச் சைகையைப் பார்த்து மோட்டாரை ஓட்டுகிறது. இந்த முறைக்குப் பி.டபிள்யூ.எம். என்று பெயர், துடிப்பின் அகலத்தை மாற்றிக் கட்டுப்படுத்துவது. இப்படிப் போட்டுப் போட்டு நிறுத்தினால் விசிறி குலுங்காதா? குலுங்காது. 1,200 ஆர்.பி.எம். வேகத்தில் அது ஒரு சுற்று முடிப்பதற்குள் 1,250 தடவை போடு-நிறுத்து நடந்து முடிந்துவிடும். அவ்வளவு வேகமான மாற்றத்தைக் கவனிக்க விசிறியை அதன் எடை விடுவதில்லை.

அது ஏன் 25,000? மனிதக் காது அதிகபட்சம் விநாடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். அதற்குக் கீழே வைத்திருந்தால் மோட்டாரிலிருந்து மெல்லிய 'கீஈஈ' சத்தம் நம்மைத் தொந்தரவு செய்யும். இன்டெல் நிறுவனம் நான்கு கம்பி விசிறிக்கு விதிமுறை வகுத்தபோது 21,000-க்கும் 28,000-க்கும் இடையில் இருக்கலாம், 25,000 என்பது குறி என்று எழுதியது. நாய்களுக்கு ஏறக்குறைய 45,000 வரை கேட்கும். உங்கள் வீட்டு நாய் மணிக்கு அந்தச் சத்தம் கேட்கிறதா என்பதை மணியைத்தான் கேட்க வேண்டும்.

அதே விதிமுறையில் இன்னொரு வரி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். நான்காவது கம்பியில் சைகை எதுவும் வராவிட்டால் விசிறி முழு வேகத்தில் சுற்ற வேண்டும். உத்தரவு இல்லையென்றால் சும்மா இரு என்று சொல்லவில்லை, உத்தரவு இல்லையென்றால் மூச்சைப் பிடித்து ஓடு என்று எழுதியிருக்கிறார்கள். கம்பி அறுந்தாலும், சிப் கெட்டாலும், இரைச்சல் வருமே தவிர சி.பி.யு. வேகாது. சத்தம் பொறுத்துக்கொள்ளக்கூடிய துன்பம். கருகல் திருத்த முடியாத துன்பம். பொறியாளர்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் பாருங்கள்.

பட்டனை அழுத்தியதும் வந்த அந்த 'விர்ர்ர்' இப்போது புரிகிறதா? மின்சாரம் வந்துவிட்டது, ஆனால் உத்தரவு போடும் சிப்புக்குப் பயாஸ் இன்னும் பட்டியலைக் கொடுக்கவில்லை. சைகை இல்லை, அதனால் முழு வேகம். பயாஸ் விழித்து, வெப்பநிலையைப் பார்த்து, உத்தரவு போட்டதும் விசிறி அடங்குகிறது.

சரி, துப்பறியும் வேலைக்கு வருவோம். பலரும் சொல்லும் புகார்: "விசிறி எந்நேரமும் கத்திக்கொண்டே இருக்கிறது." உடனே ஸ்குரூடிரைவரைத் தேடாதீர்கள். கணினியைத் தொடங்கும்போது டெலிட் அல்லது எஃப்2 விசையைத் தட்டினால் பெரும்பாலான மதர்போர்டுகளில் பயாஸ் திரை வரும். அங்கே சி.பி.யு. வெப்பநிலையும் விசிறியின் ஆர்.பி.எம்.மும் எழுதியிருக்கும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: சி.பி.யு. உண்மையில் சூடாக இருக்கிறதா?

சூடாக இருந்தால் விசிறி நிரபராதி. அது தன் கடமையைச் செய்கிறது. குற்றவாளி அநேகமாகத் தூசி. ஹீட் சிங்கின் தகடுகளுக்கு நடுவே கம்பளிபோல அடைத்துக்கொண்டு காற்றை மறிக்கிறது. முன்பு போட்ட கணக்கில், வாட்டுக்கு அரை டிகிரி என்பது தூசியால் 0.8 ஆகிவிட்டது என்று வையுங்கள். 65 வாட்டுக்கு 52 டிகிரி. மே மாத அறையின் 38-ஐக் கூட்டினால் 90! பல சி.பி.யு.க்கள் 95 அல்லது 100 டிகிரியைத் தொட்டதும் தம்மைக் காத்துக்கொள்ள வேலையையே மெதுவாக்கிக்கொள்ளும். "கேம் திக்கித் திக்கி ஓடுது" என்பதற்குப் பின்னால் பல சமயம் ஒரு கைப்பிடித் தூசிதான் இருக்கிறது. சில ஆண்டு பழைய கணினியில் தெர்மல் பேஸ்ட் காய்ந்து போயிருக்கலாம். ஹீட் சிங்கை அழுத்திப் பிடிக்கும் நான்கு பிளாஸ்டிக் முளைகளில் ஒன்று கழன்று, அது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கவும் கூடும்.

சி.பி.யு. 40 டிகிரியில் குளுகுளுவென்று இருக்கிறது, விசிறி மட்டும் கத்துகிறது என்றால் கதை வேறு. உத்தரவு போய்ச் சேரவில்லை. எங்கே நின்றது என்று கம்பியைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். முதலில் எத்தனை கம்பி என்று பாருங்கள். மூன்று கம்பி விசிறியை நான்கு முள் இணைப்பில் செருகலாம். கச்சிதமாகப் பொருந்தும், ஒரு முள் மட்டும் வெளியே நிற்கும். பொருந்துகிறதே என்று நினைத்துவிடுவோம். ஆனால் பயாஸில் 'பி.டபிள்யூ.எம். மோடு' இருந்தால், மதர்போர்டு முழு 12 வோல்ட்டையும் கொடுத்துவிட்டு, உத்தரவை அந்தத் தனியாக நிற்கும் நான்காவது முள்ளில் அனுப்பிக்கொண்டிருக்கும். கேட்க ஆளில்லை. பயாஸில் 'டி.சி. மோடு' என்று மாற்றினால் போதும், விசிறி அடங்கிவிடும். மாற்றுவதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை! இன்னொன்று: சில விசிறிகளை மதர்போர்டில் செருகாமல், கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலிருந்து வரும் பெரிய வெள்ளை நான்கு முள் இணைப்பில் நேராக மாட்டியிருப்பார்கள். அங்கே கிடைப்பது மின்சாரம் மட்டுமே. அந்த விசிறிக்கு உத்தரவே கிடையாது. அது வாழ்நாள் முழுக்க ஒரே வேகத்தில் சுற்றும்.

அடுத்த புகார் இன்னும் சுவையானது. விசிறி ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. ஒரு கோப்பைத் திறந்தால் 'விர்ர்', அடுத்த விநாடி அமைதி, உடனே மறுபடி 'விர்ர்'. இதில் உடைந்தது எதுவும் இல்லை. சி.பி.யு.வின் சிலிக்கான் மிகச் சிறியது என்றோமே, அதனால் வேலை வந்ததும் ஒரே விநாடியில் இருபது டிகிரி ஏறிவிடும், வேலை முடிந்ததும் அதே வேகத்தில் இறங்கும். அந்தத் துள்ளலுக்கெல்லாம் விசிறி உடனுக்குடன் பதில் சொன்னால் ஊஞ்சல் ஆட்டம்தான்.

இது கணினிக்கு முன்பே இருந்த நோய். 1788-இல் ஜேம்ஸ் வாட் தன் நீராவி எஞ்சினில் ஒரு கருவியைச் சேர்த்தார். சுழலும் தண்டில் இரண்டு இரும்புக் குண்டுகள். எஞ்சின் வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து மேலே எழும்பும், எழும்பும்போது நீராவிக் குழாயின் அடைப்பை மூடும், வேகம் குறையும். குறைந்தால் குண்டுகள் இறங்கும், அடைப்பு திறக்கும். யாரும் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. நம் விசிறியும் இதையேதான் செய்கிறது. குண்டுகளின் இடத்தில் டையோடு. ஆனால் இப்படிப்பட்ட கருவிகள் சில எஞ்சின்களில் ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தன. ஏன் சில அடங்குகின்றன, சில ஆடிக்கொண்டே இருக்கின்றன என்பதைக் கணிதமாக எழுதிக் காட்டியவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். ஆண்டு 1868. மின்காந்த அலைகளைப் பற்றிச் சொன்ன அதே மாக்ஸ்வெல்தான்.

ஊஞ்சலை நிறுத்த இன்றைய பயாஸில் இரண்டு வழிகள் வைத்திருக்கிறார்கள். ஒன்று, பொறுமை. வெப்பநிலை ஏறிய நிலையிலேயே சில விநாடிகள் நின்றால்தான் வேகத்தைக் கூட்டு என்று சொல்லிவைப்பது. ஹீட் சிங்க் கனமானது. சூடாகச் சிறிது நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் ஒன்றும் ஆகிவிடாது. மற்றொன்று, ஏறுவதற்கு ஓர் எல்லை, இறங்குவதற்கு வேறோர் எல்லை. 60 டிகிரியில் வேகத்தைக் கூட்டு, ஆனால் 55-க்கு இறங்கிய பிறகுதான் குறை. நடுவில் இருக்கும் அந்த ஐந்து டிகிரி இடைவெளி, ஆட்டத்தை அடக்கிவிடும். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் சற்று நேரம் ஓடிச் சற்று நேரம் ஓய்வதும் இப்படி இரண்டு எல்லைகளுக்கு நடுவில்தான்.

மூன்றாவது புகார் துப்பறிவாளர்களுக்குப் பிடித்தது. விசிறி கண்ணெதிரே சுற்றுகிறது. திரையிலோ '0 ஆர்.பி.எம்.'! சில கணினிகள் 'சி.பி.யு. ஃபேன் எரர்' என்று எழுதி, எஃப்1 விசையை அழுத்தச் சொல்லி அடம்பிடித்து நிற்கும்.

எளிய காரணம்: விசிறியைத் தவறான இடத்தில் செருகியிருப்பது. மதர்போர்டில் விசிறிக்கு நான்கைந்து இணைப்புகள் இருக்கும். 'சி.பி.யு. ஃபேன்' என்று எழுதியுள்ள இடத்திலிருந்துதான் பயாஸ் துடிப்பை எதிர்பார்க்கிறது. பக்கத்து இணைப்பில் செருகினால் விசிறி நன்றாகச் சுற்றும், பயாஸ் மட்டும் பதறும். மூன்றாவது கம்பி அறுந்திருந்தாலும் இதே பதற்றம்தான்.

பழைய கணினிகளில் இன்னொரு காரணம் உண்டு. அதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். எல்.எம்.78 என்று ஒரு கண்காணிப்புச் சிப் இருந்தது. நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனம் செய்தது. அது துடிப்புகளை நேரடியாக எண்ணாது. தனக்குள் விநாடிக்கு 22,500 'டிக்' அடிக்கும் ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு, விசிறி ஒரு சுற்று முடிப்பதற்குள் எத்தனை டிக் அடித்தது என்று எண்ணும். டிக் குறைவு என்றால் விசிறி வேகம். டிக் அதிகம் என்றால் மந்தம். 1,200 ஆர்.பி.எம். விசிறிக்கு ஒரு சுற்றுக்கு ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்கு நேரம். 22,500-ஐ 20-ஆல் வகுத்தால் 1,125 டிக். ஆனால் அந்தச் சிப்பின் எண்ணி எட்டு பிட் கொண்டது. எட்டு பிட்டில் எழுதக்கூடிய மிகப்பெரிய எண் 255. அதற்குமேல் எண்ணத் தெரியாது! கடிகாரத்தை இரண்டால் வகுத்து மெதுவாக்கினாலும் 562, இன்னும் தாண்டுகிறது. "இவ்வளவு நேரமாகியும் சுற்று முடியவில்லை, விசிறி நின்றுவிட்டது" என்று சிப் முடிவு கட்டிவிடும். எட்டால் வகுத்தால் 140. இப்போது சரியாகக் காட்டும். அமைப்பில் ஓர் எண்ணை மாற்றினால், 'செத்துப்போன' விசிறி உயிர் பெற்றுவிடும்.

விசிறி மெய்யாகவே நின்றுபோவதும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் விசிறிக்கு 20 சதவீத உத்தரவு போதுமாக இருக்கலாம்; ஆனால் நின்றிருக்கும் விசிறியை அதே 20 சதவீதத்தால் கிளப்ப முடியாமல் போகலாம். நின்ற பொருளைக் கிளப்புவது, ஓடும் பொருளை ஓட வைப்பதைவிடக் கடினம். நிலை உராய்வு என்று பாடத்தில் படித்திருப்பீர்களே, அது இங்கே நேரில் வந்து நிற்கிறது. பேரிங்கில் எண்ணெய் காய்ந்த பழைய விசிறியில் இது இன்னும் மோசம். அதனால் லினக்ஸில் விசிறியைக் கட்டுப்படுத்தும் மென்பொருளில் இரண்டு எண்களைத் தனித்தனியாகக் கேட்பார்கள்: கிளப்ப எவ்வளவு, நிற்காமல் ஓட எவ்வளவு.

அந்த லினக்ஸ் மென்பொருளில் உள்ள ஒரு தந்திரத்தையும் சொல்ல வேண்டும். கணினிக்குள் மூன்று விசிறிகள், மூன்று உத்தரவுக் கம்பிகள். எந்த உத்தரவு எந்த விசிறிக்குப் போகிறது என்று மென்பொருளுக்குத் தெரியாது. அது என்ன செய்கிறது தெரியுமா? ஓர் உத்தரவை மட்டும் பூஜ்யமாக்கிவிட்டு, மூன்று ஆர்.பி.எம். எண்களையும் உற்றுப் பார்க்கிறது. எது விழுகிறதோ அதுதான் அந்த உத்தரவுக்குச் சொந்தமான விசிறி. பிறகு அதை மறுபடி ஓடவிட்டு, அடுத்ததைச் சோதிக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்ற எல்லாவற்றையும் அப்படியே வை, என்ன மாறுகிறது என்று பார். பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் சொல்லித்தரும் அதே முறை.

மடிக்கணினியில் இந்தச் சுதந்திரம் குறைவு. விசிறி பெரும்பாலும் 5 வோல்ட்டில் ஓடும் மெல்லிய வட்டு. உத்தரவு போடும் சிப்பும் அதன் பட்டியலும் தயாரித்தவர் பூட்டி வைத்தவை. நீங்கள் செய்யக்கூடியது, மெத்தைமேல் வைத்து அதன் காற்றுத் துளைகளை அடைக்காமல் இருப்பது.

கேபினெட்டைத் திறப்பதானால் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கணினியை நிறுத்தி, சுவரிலிருந்து பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். உள்ளே கைவைக்கும் முன் கேபினெட்டின் வெற்று உலோகத்தைத் தொடுங்கள். உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் போய்விடும். ப்ளோயரால் தூசியை ஊதும்போது விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டால் அது கன்னாபின்னாவென்று சுற்றும். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும், ஆனால் பேரிங்குக்குக் கேடு. அதோடு, காந்தம் சுருளருகே சுற்றினால் மின்சாரம் பிறக்கும் அல்லவா? மோட்டார் அந்த நேரத்தில் ஜெனரேட்டராகி மதர்போர்டுக்கே மின்சாரத்தைத் தள்ளப் பார்க்கும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். அதற்குள் இருக்கும் விசிறி சத்தம் போட்டால் அது சர்வீஸ் கடைக்காரரின் வேலை.

கடைக்குப் போக வேண்டி வந்தாலும் வெறுங்கையோடு போகாதீர்கள். சி.பி.யு. எத்தனை டிகிரி, விசிறி எத்தனை ஆர்.பி.எம்., அப்போது அறை எவ்வளவு சூடாக இருந்தது, என்ன வேலை ஓடிக்கொண்டிருந்தது என்று நாலு வரி எழுதி எடுத்துப்போங்கள். "அண்ணா, 42 டிகிரியிலேயே 2,400 ஆர்.பி.எம். ஓடுது, மூணு கம்பி ஃபேன்" என்று சொன்னால், புது விசிறி விற்கும் முன் அவர் பயாஸைத் திறந்து பார்ப்பார்.